மூடாத தோள்

இராசமலர் டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். திருகோணமலையில் அவளிடம் சித்திரம் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். டீச்சர் மெல்லமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டால் வகுப்பில் ஒரு பென்சில்கூட அசையாது. தொண்ணூற்றேழாம் ஆண்டில் பெரும்பகுதி அவள் அப்படித்தான் கதைத்தாள்.

அவள் பிறந்தது கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், கட்டைபறிச்சானில். தகப்பன் சிவகுருநாதன் மாட்டாஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர். செத்த பசுவை அறுத்துக் காரணம் பார்க்கும் நாட்களில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள். இராசமலர் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாள். அருவருப்பு அவளுக்கு வரவில்லை. வெளியே சேறும் உண்ணியுமாகத் திரிந்த ஒரு மாட்டுக்குள்ளே எல்லாம் இவ்வளவு ஒழுங்காக மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறதே என்ற வியப்புத்தான் வந்தது. அந்த வியப்பு அவளைக் கொழும்புக்கு ஓவியம் படிக்கக் கொண்டுபோனது. படித்துத் திரும்பி வந்து ஊரிலேயே படம் கீறிக்கொண்டிருந்தவளின் வீடு தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எரிந்தது. படங்களும் வீட்டோடு எரிந்தன. காட்டுக்குள் ஒளிந்திருந்த கிழமைகளில் காய்ச்சல் கண்டு தகப்பன் செத்தார். அதன் பிறகுதான் அவள் நகரத்துக்கு வந்து, ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கினாள்.

நகரத்து மீன் சந்தையில் ஒரு நாள் திருக்கை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரித்த சிறகின் தோலை உரித்ததும் உள்ளே குருத்தெலும்புகள் விசிறிபோலத் தெரிந்தன. அதை வாங்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் தன் கையை அதற்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். அன்றைக்கு ஆரம்பித்த படங்கள் ஆறேழு வருடம் தொடர்ந்தன. மனிதத் தோளிலிருந்து விரியும் திருக்கைச் சிறகு, கடலாமையின் துடுப்புக்குள் இருக்கும் ஐந்து விரல், எருமையின் இடுப்பெலும்புக்குள் சுருண்டு கிடக்கும் பெண். பழைய தோணிப் பாய்ச்சீலையில் ஆளுயரத்துக்குக் கீறுவாள். பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். பாடசாலையில் கூடப் படிப்பிக்கும் ஒருத்தி, "மலர், ஒரு பூவைக் கீறினா என்ன?" என்று கேட்டாள்.

"பூவுக்கு எலும்பில்லை" என்றாள் இராசமலர்.

அவளுடைய வேலையை விளங்கிக்கொண்டவன் ஒருவன்தான். கொழும்பில் கூடப் படித்த ஆனந்தராசா. அவனும் தன் கலைக்கு உடம்பைத்தான் எடுத்துக்கொண்டவன். ஆஸ்பத்திரிகள் எறிந்த எக்ஸ்-கதிர்ப் படங்களை வெட்டிச் சட்டையாகத் தைப்பான். மாட்டின் முள்ளந்தண்டைப் பித்தளையில் வார்ப்பான். வெளிநாடுகளிலும் அவனுடைய வேலைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை திருகோணமலைக்கு வந்து, அவளுடைய படங்களுக்கு முன்னால் ஒன்றும் பேசாமல் கனநேரம் நிற்பான். அந்த மௌனம் அவளுக்குப் பெரிய பாராட்டாக இருந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆஸ்பத்திரியிலிருந்து சோமசேகரம் டொக்டர் அவளைக் கூப்பிட்டார். சாவுகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது அவருடைய பொறுப்பு. முன்பு அவளுக்கு எலும்புகளைப் பார்த்துக் கீற இடம் கொடுத்தவரும் அவர்தான்.

"கமராவுக்குப் பற்றரி இல்லை, பிலிம் இல்லை. சோதனைச்சாவடியால கொண்டுவர விடுகினமில்லை" என்றார். "கரையில ஒதுங்கிற சடலங்களை ஆரெண்டு தெரியாமலே மண்ணில தாட்டுக்கொண்டிருக்கிறம். தேடி வாற சனத்துக்குக் காட்ட ஒண்டுமில்லை. நீங்கள் கீறித் தருவீங்களோ?"

அவள் ஓம் என்றாள்.

பிரேத அறையின் நாற்றத்தில் நின்று அவள் கீறிய படங்களில் அலங்காரம் எதுவும் இருக்காது. ஒரு பெரிய தாளில் முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. உப்புத்தண்ணீர் முகத்தைக் கெடுத்திருந்தால், கெட்டதற்கு அடியில் இருக்கும் தாடையையும் கன்ன எலும்பையும் பார்த்து, உயிரோடு இருந்தபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று பக்கத்தில் சிறிதாக ஒரு முகம் கீறுவாள். பழைய தழும்பு, வளைந்த விரல், பல்லிடைவெளி, எதையும் விடமாட்டாள். டொக்டர் அவற்றை ஆஸ்பத்திரி நடையில் ஒரு பலகையில் குத்தி வைத்தார். சனம் வந்து பார்த்தது. ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த ஒரு தாய், படத்தில் இருந்த காதைத் தொட்டு, "இது என்ர பிள்ளை" என்றாள். பலகைக்கு முன்னால் விழுந்து அழுத அந்த மனுசியைத் தாங்கிப் பிடித்தபோது, தன் கை எதற்காகப் பழகியது என்பது இராசமலருக்கு முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.

மறு வருடம் மாசியில் குடாக்கரையில் ஒரு மீனவனின் உடல் ஒதுங்கியது. வலை இழுத்து இழுத்து வலது தோள் இடதைவிடப் பருத்திருந்தது. கழுத்தெலும்பு எப்போதோ முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. உடலைப் புரட்டியபோது வலது தோள்பட்டையில் வட்டமாக ஒரு துப்பாக்கிச் சூட்டுத் துளை. இராசமலர் டொக்டரைப் பார்த்தாள். அவர் அப்பால் திரும்பிக்கொண்டார். அவள் துளையையும் கீறினாள், இருந்தபடி.

அன்று பின்னேரம் அறிக்கை எழுதியாயிற்று: நீரில் மூழ்கிய மரணம்.

"டொக்டர், நீங்களும் பார்த்தனீங்கள்."

"பார்த்தனான்."

"மூழ்கின ஆளுக்கு முதுகில என்னெண்டு ஓட்டை விழும்?"

"டீச்சர், அறிக்கை முடிஞ்சுது. இனி அதைப்பற்றிக் கதைக்க ஏலாது." அவருடைய கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "படத்தைப் பலகையில போடாதேங்கோ. மற்றப் படங்களையும் கழற்றச் சொல்லி மேலிடத்திலயிருந்து வந்திட்டுது. எல்லாத்தையும் கொண்டு போங்கோ. இஞ்ச வைச்சா எரிச்சுப் போடுவினம்."

அவர் பயந்தது அவளுக்கு விளங்கியது. பயந்தவர் மீது கோபப்படுவது நியாயமா என்று வீடு போகும் வழியெல்லாம் தன்னைத்தானே கேட்டாள். நியாயமோ இல்லையோ கோபம் வந்தது. காலையில் வந்து நிற்பவர்களுக்கு வெறும் பலகை காட்டப்படும் என்று நினைக்க நினைக்க அது கூடியது.

அடுத்த கிழமை ஆனந்தராசா வந்தான். அதற்குள் படையினர் அவளுடைய அறையை இரண்டு முறை சோதனை போட்டிருந்தார்கள். அவள் படங்களைச் சுருட்டி அவனிடம் கொடுத்தாள்.

"பத்திரமா வைச்சிரு, ஆனந்தன். தேடி ஆரும் வந்தா உன்னட்டைச் சொல்லியனுப்பிறன். அதுவரைக்கும் ஆருக்கும் காட்டாதை."

"என்ர உயிர் போனாலும் இதுகள் போகாது" என்றான் அவன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் நேரத்தில், முக்காடு போட்ட ஒரு பெண் அவளுடைய வாசலில் வந்து நின்றாள். கூட வந்தவன் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண்ணின் கையில் அன்றைய தமிழ்ப் பேப்பர் மடிபட்டுக் கசங்கியிருந்தது.

"நீங்களா இராசமலர் டீச்சர்?"

"ஓம். உள்ளுக்கு வாங்கோ."

"வரமாட்டன்." அவள் பேப்பரை விரித்துக் காட்டினாள். கொழும்பில் நடக்கும் ஓவியக் கண்காட்சியைப் பற்றிய செய்தி. படத்தில் கையில் கண்ணாடிக் கிளாஸ்களோடு ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரில், சட்டம் போட்டு, மாசியில் இராசமலர் கீறிய மீனவனின் உடல். கீழே ஆனந்தராசா வைத்த தலைப்பு: 'கடலின் உடற்கூறு'. கீறியவர், திருகோணமலை இராசமலர்.

"இவரு என்ட மாப்பிள்ள, என்னக் கட்டினவரு" என்றாள் அந்தப் பெண். "முனாப். என்ட பேரு சித்தி பரீதா, கிண்ணியா. விடியக் கடலுக்குப் போனவரு. சின்ன வயசுல தென்னையால விழுந்து முறிஞ்ச எலும்பு இது. என்ட கையால எண்ண தேச்ச எலும்பு."

இராசமலர் பேப்பரைக் குனிந்து பார்த்தாள்.

"நான் தேடாத எடமில்ல. அந்தக் கிழம பாதை ஓடல்ல." கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் நடுவில் சனத்தை ஏற்றி இறக்கும் மிதவைப் படகைத்தான் பாதை என்பார்கள், ஏதாவது நடந்தால் முதலில் அதைத்தான் நிறுத்துவார்கள். "ஓடத் தொடங்கின அண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தன். அங்க ஒரு பலகதான் இரிந்திச்சி. ஒண்டுமில்லாத பலக. கொழும்பு ஆக்களுக்குக் காட்ட ஏலும், எனக்குக் காட்ட ஏலாதா?"

"பரீதா, நான் காட்டச் சொல்லேல்லை..."

"டீச்சர், என்ட முன்னால சட்டையில்லாம நிக்கயே வெக்கப்படுற மனிசன் இவரு." பரீதா பேப்பரில் இருந்த உடலை உள்ளங்கையால் மறைத்தாள். "உடுதுணி இல்லாம சுவர்ல தொங்கப் போட்டிரிக்கீங்க. பக்கத்துல நிண்டு குடிக்கிறாங்க."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். பேப்பர் வாசலில் கிடந்தது. இராசமலர் அதை எடுத்து மறுபடி பார்த்தாள். படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். முனாபைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பக்கத்தில் நின்ற யாரோ சொன்ன கதைக்குத்தான். என்றாலும் அந்தச் சிரிப்பு முனாபின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் அவள் பாடசாலைக்குப் போகவில்லை. வழியெல்லாம் பஸ்ஸிலிருந்து இறக்கி ஏற்றிச் சோதித்தார்கள். கொழும்பு போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. பெரிய மரங்கள் நின்ற ஒரு தெருவில், பழைய பங்களா ஒன்றைக் கண்காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். உள்ளே குளிரூட்டி ஓடியது. பித்தளை முள்ளந்தண்டுகளுக்கும் எக்ஸ்-கதிர்ச் சட்டைகளுக்கும் நடுவில் முனாப் தனிச் சுவரில், தனி வெளிச்சத்தில் இருந்தான்.

ஆனந்தராசா ஓடி வந்தான். "மலர்! சொல்லியிருந்தா ஸ்டேசனுக்கு வந்திருப்பன்."

"கழற்று" என்றாள். பக்கத்தில் நின்றவனுக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது.

"கொஞ்சம் பொறுமையாக் கேள். அந்தத் தோளைப் பார்த்தியா? அந்த ஓட்டையை உன்ர ஊரில ஆருக்காவது காட்ட ஏலுமா உனக்கு? இஞ்ச ஏலும். இஞ்ச தூதரக ஆக்கள் வந்து பார்த்திட்டுப் போயினம். இது சாட்சி, மலர்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. அது உண்மை என்று தெரிந்ததுதான் அவளுடைய கோபத்தை இன்னும் கிளறியது.

"பார்த்த ஆக்களில ஆராவது இவன்ர பேரைக் கேட்டினமா?"

"பேர் தெரியாததுதானே இந்தப் படத்தின்ர பலம்" என்றான் ஆனந்தராசா. சொன்ன பிறகுதான் அவனுக்கே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், முகம் வாடியது.

"பேர் முனாப்" என்றாள் இராசமலர். "பெண்சாதி இருக்கிறா. பேப்பரில பார்த்துத்தான் அவவுக்குத் தெரிஞ்சுது. உன்ர பேப்பரில. நான் உன்னட்டைக் காட்டாதையெண்டு சொன்னனான். நீ உயிரைப் பற்றிக் கதைச்சனி."

அவள் ஒரு கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டு ஏறினாள். சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். ஆணி சுவர்ச் சுண்ணாம்போடு பிய்ந்து வந்தது. காவலாளி ஓடி வந்து ஆனந்தராசாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். இறங்கும்போது சட்டம் கதிரை முதுகில் மோதிக் கண்ணாடி நொறுங்கியது. அப்போது அறையின் மறுபக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் கை தட்டினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள். இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

இராசமலர் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். கைதட்டல் தானாக அடங்கியது. அவள் கண்ணாடித் துண்டுகளை உதறிவிட்டுத் தாளை உருவி எடுத்தாள், பின்னறையில் இருந்த மற்றப் படங்களையும் எடுத்துச் சுருட்டினாள். ஆனந்தராசா வாசல்வரை பின்னால் வந்தான். "மன்னிச்சுக்கொள்" என்று அவன் சொன்னது அவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவனோடு அவள் கதைக்கவேயில்லை.

கையோடு கொண்டுபோயிருந்த பிள்ளைகளின் பரீட்சைச் சித்திரங்களுக்கு நடுவில் ஒளித்து அவற்றைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தாள். பாதையில் ஏறி அக்கரை போய், விசாரித்துக்கொண்டு பரீதாவின் வீட்டுக்குப் போனாள். சைக்கிளோடு வந்தவன் பரீதாவின் அண்ணன் அலியார். அவன் வேலிக் கதவைத் திறக்கவில்லை. "இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்றான்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம். அவவின்ர சாமானைத் தர வந்தனான்."

உள்ளேயிருந்து பரீதா, "வரட்டும் நானா" என்றாள்.

பாயில் உட்கார்ந்து பரீதா தாளை விரித்தாள். முதலில் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கோணல் எலும்பை விரலால் தடவினாள். முதுகுப் பக்கத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். பேப்பரில் அந்தப் பாதி சரியாகத் தெரியவில்லை.

"இது என்ன?"

இராசமலர் சொன்னாள். சுற்றி வளைக்காமல், கண்டதைக் கண்டபடி. அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்பதையும் சொன்னாள்.

"தண்ணியில தாண்டு மௌத்தானாரு எண்டா எழுதினாங்க?" என்றாள் பரீதா. "குடாவ நீந்திக் கடக்கிற மனிசன்." அவளுடைய கை தாளை இறுக்கிப் பிடித்தது. கிழிக்கப் போகிறாள் என்று இராசமலர் நினைத்தாள். கிழித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தாள்.

பரீதா கிழிக்கவில்லை. "டீச்சர், இவருக்குக் கபன் துணி போட்டிருக்க மாட்டாங்கதானே?"

"இல்லை. சும்மாதான் தாட்டவை."

"அப்ப நீங்க போடுங்க. இதுல."

இராசமலருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது தயங்கினாள். இவ்வளவு காலமும் அவள் மூடியதைத் திறந்து காட்டியே கீறி வந்தவள். தோலுக்கு மேலே ஒரு நூலைக்கூட அவள் கீறியதில்லை. பையிலிருந்து வெள்ளைச் சோக்கை எடுத்தாள். பரீதா சொல்லச் சொல்ல, எந்தப் பக்கம் எதற்கு மேலே வரவேண்டும், எங்கே முடிச்சு என்று கேட்டுக் கேட்டு, காலிலிருந்து மேலே துணியை மூடிக்கொண்டு வந்தாள். தான் கீறிய இடுப்பு, தொடை, விலா எல்லாம் ஒவ்வொன்றாக வெள்ளைக்குக் கீழே போயின. முதுகுப் பக்கத்தில் வலது தோளுக்கு வந்தபோது பரீதா அவளுடைய கையைப் பிடித்தாள்.

"அத மூடாதீங்க."

வெளியே நின்ற அலியார் அப்போதுதான் உள்ளே வந்து பார்த்தான். சுவரோடு சாய்ந்து முகத்தை இடுப்பில் கட்டியிருந்த சாறன் விளிம்பால் மூடிக்கொண்டான்.

அந்தப் படத்தை அவர்கள் மூவரும் மரண விசாரணை அதிகாரியிடம் கொண்டுபோனார்கள். அவர் அதை விரித்துப் பார்த்தார், மறுபடி சுருட்டினார். "சித்திரத்தைச் சாட்சியா எடுக்கேலாது. ஆரும் எதையும் கீறலாம்" என்றார். இறந்தவர் முனாப் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டார். மரணச் சான்றிதழில் காரணம் மாறவில்லை. அதை நீட்டியபோது பரீதா கை நீட்டவில்லை.

"பொய்ய எனக்கு என்னத்துக்குத் தாறீங்க" என்றாள். "நீங்களே வெச்சிக்கங்க."

அது இல்லாமல் அவள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. நிவாரணம் இல்லை, முனாபின் தோணியைத் தன் பெயருக்கு மாற்ற முடியவில்லை. கடைசிவரை அவள் அதை வாங்கவில்லை. சோமசேகரம் டொக்டர் ஒன்றே ஒன்று செய்தார். யாரும் சொல்லாமலே ஒரு காலையில் தானாக வந்து, பொதுச் சேமக்காலையில் புதைத்த மேடுகளில் எது முனாபுடையது என்று காட்டினார். கிண்ணியாவிலிருந்து ஆட்கள் வந்து தொழுதார்கள். தொழுகை முடியும்வரை டொக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். இராசமலர் அவருக்குப் பக்கத்தில் போய் நிற்கவில்லை. அந்த வருட முடிவில் அவர் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

புதிதாக வந்தவர் அவளைப் பிரேத அறைக்குள் விடவில்லை. அதனால் அவள் கரைக்குப் போனாள். எங்கேயாவது ஓர் உடல் ஒதுங்கினால், அதிகாரிகள் வந்து எடுத்துப் போவதற்குள் சனமே அவளுக்குச் சொல்லியனுப்பியது. கட்டைபறிச்சானிலிருந்து சொல்லியனுப்பினார்கள், கிண்ணியாவிலிருந்து அலியார் சைக்கிளில் வந்தான். அவள் போய்க் கீறுவாள். கீறி முடித்ததும் படத்தில் கழுத்துவரை துணியால் மூடி, காயம் இருக்கும் இடத்தை மட்டும் திறந்து விடுவாள். தாளைக் கோயிலிலோ பள்ளிவாசலிலோ கொடுத்துவிட்டு வருவாள். கொழும்புக்கு அதன் பிறகு ஒரு படமும் போகவில்லை. எத்தனையோ பேர் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

ஒரு முறை குடாக்கரையில் காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன் அவளிடமிருந்து தாளைப் பறித்து நான்காகக் கிழித்துத் தண்ணீரில் போட்டான். சனம் பின்வாங்கியது. இராசமலர் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவனுடைய சப்பாத்துக்குப் பக்கத்தில், ஈர மணலில் குந்தியிருந்து மறுபடி கீறத் தொடங்கினாள்.